சீனித்தாய் உட்கார்ந்தால் ஓடும்

சூரங்கரட்டில் கல்யாண சிடிகள் ஓடாமல் போனது ஆடி மாதத்தில். கல்யாணம் வைக்கக்கூடாத மாதம் என்பதால் ஊரே பழைய கல்யாணங்களை எடுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதம் அது. இலவசமாகக் கிடைத்த டிவி எல்லா வீட்டிலும் இருந்தது, கோவில்பட்டியிலோ மதுரையிலோ வாங்கிய டிவிடி பிளேயர் பாதி வீடுகளில் இருந்தது, மீதிப் பாதி வீட்டுக்காரர்கள் அந்தப் பாதி வீட்டுக்காரர்களின் பட்டாசலில், அதாவது முன்கூடத்தில், போய் உட்கார்ந்திருந்தார்கள். மழை வராமல் காற்று மட்டும் வந்து புழுதியை வாரி முகத்தில் அடிக்கிற அந்தக் கரிசல் ஊரில் ஆடியைக் கழிப்பதற்கு அதைவிட்டால் வேறு வழியும் இருக்கவில்லை.

முதலில் நின்றது ராமலட்சுமி வீட்டு சிடி. அவளுடைய ஒரே மகன் கல்யாணம் முடிந்த கையோடு பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு துபாய்க்குப் போய்விட்டவன். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் அவனுடைய கல்யாணத்தைப் போட்டு, அவன் மாலையும் கழுத்துமாகச் சிரிப்பதைப் பார்த்தபடியே கண்ணயர்ந்தால்தான் அவளுக்கு அன்றைய பொழுது பொழுதாக இருக்கும். அன்றைக்குத் தட்டு உள்ளே போனது, கொஞ்ச நேரம் முனகியது, பிறகு திரையில் 'நோ டிஸ்க்' என்று வந்தது. வெளியே எடுத்துப் பார்த்தாள். மகனும் மருமகளும் ஒட்டின படத்தோடு தட்டு பளபளவென்று கையில் இருந்தது. திரும்பப் போட்டாள். தட்டே இல்லை என்று பிளேயர் சாதித்தது. உயிரோடு இருக்கிற ஆளை முகத்துக்கு நேராக இல்லை என்று சொன்ன மாதிரி அவளுக்கு இருந்தது.

அந்த வாரம் முடிவதற்குள் ஊரில் ஒரு வீட்டிலும் கல்யாண சிடி ஓடவில்லை. கடையில் வாங்கின சினிமா சிடி ஓடியது, சாமி பாட்டு ஓடியது, சேர்மக்கனி பதிந்து கொடுத்த கல்யாணங்கள் மட்டும் ஓடவில்லை. சேர்மக்கனிதான் ஊருக்கு ஒரே ஸ்டுடியோக்காரன். படம் எடுப்பது, வெட்டி ஒட்டுவது, பாட்டுச் சேர்ப்பது, சிடியில் ஏற்றிக் கொடுப்பது எல்லாம் அவன் ஒருவன்தான். ஆகவே திட்டு வாங்குவதற்கும் அவன் ஒருவன்தான் இருந்தான்.

பாவம், அவன் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தான். பிளேயரைத் திறந்து கண்ணாடிக் கண்ணைப் பஞ்சால் துடைத்தான். தட்டில் கீறல் இருக்கும் என்று பற்பசை தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் தேய்த்துக் கழுவினான். மேலே ஒட்டின படத்தால் தட்டு ஒரு பக்கம் கனத்து ஆடுகிறது என்று படத்தை உரித்தான், அதற்கு ராமலட்சுமியிடம் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டான். வேகமாக ஏற்றினால் சில பிளேயர் படிக்காது என்று மெதுவாக, மிக மெதுவாக, ஒரு சிடிக்கு ஒரு மத்தியானம் என்று ஏற்றினான். ஏற்றி முடித்ததும் இனி எதுவும் ஏற்ற முடியாதபடி கம்ப்யூட்டரில் தட்டை மூட வேண்டும், மூடாத தட்டு ஏற்றின கம்ப்யூட்டரைத் தவிர வேறெங்கும் ஓடாது என்பார்கள். ஒருவேளை மூட மறந்துவிட்டோமோ என்று எல்லாவற்றையும் மூடிப் பார்த்தான், அவை முன்பே மூடித்தான் இருந்தன. மதுரைக்குப் போய் வேறு கம்பெனித் தட்டு வாங்கி வந்து புதிதாக ஏற்றினான். ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் போட்டால் எல்லாம் தங்கமாக ஓடின. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிளேயரில் போட்டால் நோ டிஸ்க். கம்ப்யூட்டரில் ஓடுவதை வைத்துக்கொண்டு நாங்கள் நாக்கு வழிக்கவா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் சீனித்தாய், அரிசி புடைக்க இரவல் வாங்கிப் போன சுளகைத் திருப்பிக் கொடுக்க ராமலட்சுமி வீட்டுக்கு வந்தாள். வழக்கம்போல வாசற்படிக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்று, சுளகைச் சுவரில் சாய்த்து வைத்தாள். சாய்த்து வைத்ததுதான் தாமதம், அதுவரை முனகிக்கொண்டிருந்த பிளேயர் சட்டென்று விழித்துக்கொண்டு நாதசுரத்தோடு கல்யாணத்தை ஆரம்பித்தது. ராமலட்சுமி அழுதேவிட்டாள். சீனித்தாய் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் காலை வெளியே எடுத்தாள். மாப்பிள்ளையின் முகம் சின்னச் சின்னக் கட்டமாக உடைந்து, மூக்கு ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமுமாக இழுத்துக்கொண்டு போய், நாதசுரம் விக்கி விக்கி நின்றது. ராமலட்சுமி கெட்டிக்காரி. நின்ற படத்தைப் பார்த்தாள், தெருவில் போகிற சீனித்தாயைப் பார்த்தாள்.

"மதினி, ஒரு நிமிசம் உள்ள வந்து நில்லுங்க."

சீனித்தாய் வந்து நின்றாள். கல்யாணம் ஓடியது.

இதைக் கேட்டு ஊர் வாயைப் பிளந்தது என்றெல்லாம் நினைக்க வேண்டாம். மோட்டார் ஏன் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டா ஊரில் தண்ணீர் இறைக்கிறார்கள்? இன்னாரைக் கூட்டிக்கொண்டு வந்தால் சிடி ஓடும் என்று தெரிந்தது, கூட்டிக்கொண்டு வந்தார்கள், அவ்வளவுதான். ராமலட்சுமி வீட்டில் ஓடினது அன்று சாயங்காலமே தெரு முழுக்கத் தெரிந்தது, மறுநாள் மேலத்தெருவிலிருந்து ஆள் வந்தது, அதற்கு மறுநாள் கீழத்தெருவும் மேலத்தெருவும் யார் முதலில் சொன்னது என்று சண்டை போட்டுக்கொண்டன.

சீனித்தாய் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடைக்கிறவள். அந்தப் பக்கமெல்லாம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். லாரியில் கிளீனராகப் போன புருஷன் போன இடத்திலேயே செத்துத் திரும்பி வராதபோது மகள் செண்பகம் இன்னும் பால்குடி மறந்திருக்கவில்லை. அன்றிலிருந்து குச்சி அடைத்தே மகளை ஆளாக்கினவள். ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும் முதல் ஆளாக வந்து பின்பக்கம் உட்கார்ந்துவிடுவாள். காய் நறுக்குவாள், தேங்காய் துருவுவாள், அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பாள், தாலி கட்டுகிற நேரத்தில் யாரும் சொல்லாமலே ஒதுங்கிக்கொள்வாள். அப்படியும் கல்யாண வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும். செம்புத் தண்ணீரோடு குறுக்கே போகும்போதோ, அட்சதைத் தட்டு எங்கே என்று யாரோ கத்தினதற்கு எட்டிப் பார்க்கும்போதோ காமிராவில் விழுந்துவிடுவாள். பிறகு வீட்டுக்காரர்கள் ஸ்டுடியோவுக்கு வந்து, அவள் வருகிற இடத்தை மட்டும் எடுத்துவிடும்படி காதும் காதும் வைத்தமாதிரி சொல்லிவிட்டுப் போவார்கள். தாலியறுத்தவள் முகம் தாலி கட்டுகிற படத்தில் எதற்கு என்பார்கள். சேர்மக்கனி வெட்டிவிடுவான். வெட்டினால் மாப்பிள்ளையும் சேர்ந்து போய்விடுவான் என்கிற இடத்தில் மட்டும், அவள் முகத்தின்மேல் ஒரு செந்தாமரை விரிகிறமாதிரி வைத்துவிடுவான். சூரங்கரட்டுக் கல்யாணங்களில் தாமரை விரிவதைப் பார்த்து, என்ன அழகாக எடுத்திருக்கிறான் என்று வெளியூர்க்காரர்கள் மெச்சிக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவளை இப்போது கூட்டிக்கொண்டு வந்து பட்டாசலில் உட்கார வைக்க வேண்டியிருந்தது. எங்கே உட்கார வைப்பது என்பதுதான் ஊருக்குப் பெரிய யோசனையாக இருந்தது, சிடி ஏன் ஓடுகிறது என்பது இல்லை. சோபாவில் வேண்டாம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. எல்லோருக்கும் முன்னால் உட்கார வைத்தால் கல்யாணத்தைப் பார்க்கிறவர்கள் அவள் முதுகையும் பார்க்க வேண்டிவரும். கடைசியில் டிவிக்குப் பக்கவாட்டில், கதவை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டார்கள். அங்கிருந்து அவளுக்குத் திரை தெரியாது, திரையைப் பார்க்கிறவர்களின் முகம்தான் தெரியும். அவள் பார்க்க வேண்டியதில்லை, இருந்தால் போதும் என்பதைப் பிளேயர் ஒத்துக்கொண்டது. அடுப்படியில் இருந்தாலும் ஓடியது. கொல்லையில் நின்றால் திக்கியது. தெருவுக்குப் போனால் நின்றது. அவளுடைய பழைய சேலையை வாங்கிப் பிளேயர்மேல் போர்த்திப் பார்த்தார்கள், ரேஷன் கார்டிலிருந்த அவள் படத்தை மேலே வைத்துப் பார்த்தார்கள், செல்போனில் அவளைப் பேசச் சொல்லிப் பிளேயருக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்கள். ஒன்றுக்கும் அது மசியவில்லை, ஆளே வர வேண்டியிருந்தது.

வந்தாள். வேலை முடிந்து கையில் மருந்து வாடையோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, மற்றவர்கள் சிரிக்கும்போது சிரித்து, அவர்கள் கண்ணைத் துடைக்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய டம்ளரில் காப்பி கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வீட்டில் முகூர்த்தம் முடிவதற்குள் அடுத்த வீட்டிலிருந்து ஆள் வந்து வாசலில் நிற்கும். எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டு அவர்கள் வீட்டுக்கு எப்படிப் போகலாம் என்று பேச்சு நிறுத்தினவர்கள் உண்டு. "சீனித்தாயைப் போட்டாச்சா?" என்று கேட்பது ஊரில் வழக்கமாகிப் போனது, கரண்ட் வந்துவிட்டதா என்று கேட்கிறமாதிரி. இத்தனை வருஷமும் காலையில் வெளியே கிளம்பும்போது அவள் எதிரே வந்தால் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவர்கள், இப்போதும் காலையில் அவள் எதிரே வந்தால் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வந்தார்கள், சாயங்காலம் வந்து மட்டும் கையோடு கூட்டிக்கொண்டு போனார்கள். இதில் ஒன்றும் முரண் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு இதை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது.

காரணத்தைக் கண்டுபிடித்தவன் சேர்மக்கனி. ஒரு காதுகுத்து விசேஷத்தை அவன் அவசரத்தில் வெட்டாமல் கொள்ளாமல் அப்படியே ஏற்றிக் கொடுத்திருந்தான். அதில் சீனித்தாய் ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே நின்றாள், அந்த சிடி எந்த வீட்டிலும் அவள் இல்லாமலே ஓடியது. வெட்டியதெல்லாம் ஓடவில்லை, வெட்டாதது ஓடுகிறது. கம்ப்யூட்டரில் மட்டும் எல்லாம் ஓடுவதற்கு, வெட்டியது அதுதான் என்பதைத் தவிர வேறு காரணம் அவனுக்குத் தோன்றவில்லை. வெட்டின துண்டுகளைத் தேடி ஒட்டிவிடலாம் என்று பார்த்தால், ஒரு கல்யாணம் எடுத்த கேசட்டில்தான் அடுத்த கல்யாணத்தை எடுப்பான். பழையதெல்லாம் எப்போதோ அழிந்திருந்தது. அவள் நின்ற இடங்கள் உலகத்தில் எங்குமே இல்லை என்று தெரிந்த அன்று அவன் கடையைச் சீக்கிரமாகச் சாத்திவிட்டான்.

ஆவணியில் கல்யாணங்கள் திரும்ப ஆரம்பித்தபோது, முதல் கல்யாணத்தில் அவளை வெட்டாமலே கொடுத்தான். எந்த வீட்டிலும் யாரும் இல்லாமலே அழகாக ஓடியது. மூன்றாம் நாள் பெண்ணின் அப்பா அதைக் கொண்டுவந்து மேஜைமேல் எறிந்தார்.

"என் மக கழுத்துல தாலி ஏறுற நேரத்துல அவ முகம் எதுக்குப்பா தெரியுது?"

அதை எடுத்துவிட்டால் சிடி ஓடாது அண்ணாச்சி என்று சேர்மக்கனி விளக்கிச் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, ஓடாவிட்டால் என்ன, கூப்பிட்டால் வந்து உட்காரப்போகிறாள் என்றார். அவன் வெட்டிக் கொடுத்தான். அன்று சாயங்காலமே அந்த வீட்டு ஸ்டூலில் சீனித்தாய் உட்கார்ந்திருந்தாள்.

அவளிடம் அவன் இதைச் சொல்லியிருக்க வேண்டாம். மனசு கேட்காமல் சொல்லிவிட்டான். ஒரு நாள் ஆபீஸ் விட்டு வருகிற வழியில் நிறுத்தி, நான் உங்களை வெட்டின சிடிதான் அக்கா நீங்கள் இல்லாமல் ஓட மாட்டேன் என்கிறது என்றான். கோபப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தான். வெட்டினதெல்லாம் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. அவள் வேறு எதையோ யோசித்தாள், யோசிக்க யோசிக்க முகம் விளக்குப் போட்டமாதிரி ஆயிற்று.

"அப்ப எங்க செண்பகம் கல்யாண சிடியும் நான் இல்லாம ஓடாதுல்ல தம்பி?"

சேர்மக்கனி வண்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். பார்க்கணும் அக்கா என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனான்.

செண்பகத்தின் கல்யாணம் அதற்கு முந்தின வருஷம் ஆனியில், சாத்தூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது, படம் எடுத்தது சேர்மக்கனிதான். சீனித்தாயின் அண்ணனும் அண்ணன் பெண்டாட்டியும் மணையில் உட்கார்ந்து பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுத்தார்கள். தாலி கட்டும்போது பின்னால் விளக்குப் பிடித்தது அண்ணன் பெண்டாட்டி, தலைதீபாவளிக்கு அழைத்ததும் அவர்கள்தான். பெற்றவள் மண்டபத்துக்குப் பின்னால் காய்கறி மூட்டையும் அண்டாவும் போட்டு வைக்கிற அறையில் இருந்தாள். யாரும் அவளை அங்கே போகச் சொல்லவில்லை. அடுத்தவர் பிள்ளைகளின் கல்யாணத்தில் அங்கே இங்கே என்று குறுக்கே வந்துவிடுகிறவள், தன் பிள்ளையின் கல்யாணத்தில் தன் நிழல்கூட மணவறைப் பக்கம் விழுந்துவிடக் கூடாது என்று முதல்நாள் ராத்திரியே அந்த அறைக்குள் போனவள், வண்டி ஏறும்வரை வெளியே வரவில்லை. கெட்டிமேளம் கேட்டபோது இருந்த இடத்திலிருந்தே ஒரு பிடி அரிசியை மூட்டையிலிருந்து எடுத்துச் சுவரைப் பார்த்துத் தூவினாள். கல்யாண சிடியை மாப்பிள்ளை வீட்டார் திருப்பூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மகள் கழுத்தில் தாலி ஏறுவதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும், அதைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் ஆசை என்று ஒன்றும் பாக்கி இல்லை.

கேட்டிருந்தால் காட்டியிருப்பார்கள். மகள் வாரா வாரம் ராமலட்சுமி வீட்டு போனுக்குக் கூப்பிடுகிறவள்தான். ஆனால் சீனித்தாய்க்கு இப்போது கேட்டுப் பார்ப்பது போதவில்லை. அங்கே அந்த சிடியைப் போட்டு, அது நோ டிஸ்க் என்று சொல்லி, சம்பந்தக்காரர்கள் துடைத்துப் பார்த்துத் தேய்த்துப் பார்த்து ஓய்ந்துபோய், கடைசியில் சூரங்கரட்டிலிருந்து பெண்ணின் தாயாரைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் ஓடும் என்று தெரிந்துகொண்டு, அவர்களாகவே கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் கட்டிக்கொண்டு போவதற்கு ஒரு சேலையைத் தனியாக மடித்து வைத்தாள். இந்த வீட்டில் ஸ்டூலில் உட்காரும்போதும் அந்த வீட்டில் ஸ்டூலில் உட்காரும்போதும், திருப்பூரில் தனக்கு எங்கே போடுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா தங்கமானவள், திரை தெரிகிறமாதிரிதான் போடுவாள் என்று ராமலட்சுமியிடம் சொன்னாள். ஒவ்வொரு தடவை போன் பேசும்போதும், வேறென்னம்மா, வேறென்ன, என்று நீட்டி நீட்டிக் கேட்டாள். புரட்டாசி போனது, கார்த்திகை போனது. செண்பகம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருக்கிறார்கள் என்று சீனித்தாய் முடிவு செய்துகொண்டாள்.

தை மாதம் செண்பகத்துக்கு வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். செண்பகம் பையைத் திறந்து துணிமணியோடு சேர்த்து அந்த சிடியையும் எடுத்து வைத்தாள். நீ இன்னும் பார்க்கவே இல்லையே அம்மா, அதனால்தான் எடுத்து வந்தேன் என்றாள். சீனித்தாய்க்கு அதிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. ஓடவில்லை, அதனால்தான் கொண்டுவந்திருக்கிறாள், பிள்ளை வாய் திறந்து சொல்லக் கூச்சப்படுகிறது. சிடியை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மகளையும் அழைத்துக்கொண்டு ராமலட்சுமி வீட்டுக்கு வந்தாள்.

அவர்கள் வருவதற்குள் சேர்மக்கனி கேள்விப்பட்டு, வண்டியை ஸ்டாண்டுகூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு ராமலட்சுமியிடம் ஓடி வந்திருந்தான்.

"போடாதீக அக்கா. ஏதாவது சொல்லித் தட்டிக் கழிச்சிருங்க. அந்தக் கல்யாணத்துல நான் வெட்டுறதுக்கு அவுக எங்கயுமே இல்ல. ஒரு இடத்துலகூட விழல."

ராமலட்சுமிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கையிலிருந்த சுளகை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெட்டாத சிடி யாருக்காகவும் நிற்காது. அவள் ஒன்றும் நல்லவள் என்று பேர் வாங்கினவள் இல்லை. நாக்கு அரிவாள்மாதிரி, தன் மகன் கல்யாணத்தில் சீனித்தாய் முகம் வரக் கூடாது என்று இரண்டு தடவை ஸ்டுடியோவுக்கு நடந்தவள், இந்த ஆறு மாதமாக ஊரிலேயே அதிகமாக அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தவள். பிளேயர் ரிப்பேர் என்று சொல்லிவிடலாம் என்று எழுந்தாள். ஆனால் உள்ளே மகனின் கல்யாணம் நாதசுரத்தோடு ஓடத் தொடங்கியிருந்தது, சீனித்தாய் வாசற்படி ஏறிவிட்டாள். சேர்மக்கனி கொல்லைப்பக்கமாகப் போய்விட்டான்.

அன்றைக்கு ஸ்டூலை ராமலட்சுமியே எடுத்துத் திரைக்கு நேராகப் போட்டாள். சீனித்தாய் உட்கார்ந்து, மகளைப் பக்கத்தில் சோபாவில் உட்கார வைத்தாள். சிடி போட்டதும் ஓடியது. மண்டப வாசலில் வாழைமரம் வந்தது, பன்னீர் தெளிக்கிறவர்கள் வந்தார்கள், அண்ணனும் அண்ணன் பெண்டாட்டியும் பட்டுடுத்தி, வந்தவர்களைக் கும்பிட்டார்கள். சீனித்தாய் மகளைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தாயா, நான் வந்து உட்கார்ந்ததும் எப்படி ஓடுகிறது என்றாள். செண்பகத்துக்கு அது என்ன பேச்சு என்று தெரியவில்லை. ஊரில் நடப்பது எதையும் அவளிடம் யாரும் போனில் சொல்லியிருக்கவில்லை.

"அங்கயும் நல்லாத்தாம்மா ஓடுது. அத்தை தினம் போட்டுப் பாப்பாக."

ராமலட்சுமி ரிமோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சீனித்தாய் சிரித்தாள். சின்னப் பிள்ளை ஏதோ தெரியாமல் உளறுகிறது என்று சிரிக்கிற சிரிப்புத்தான் அது, ஆனால் முடிகிறபோது சிரிப்பாக இல்லை. அதெப்படி ஓடும் என்றாள். நான் இல்லாமல் எப்படி ஓடும், நீ சரியாகக் கவனித்திருக்க மாட்டாய் என்றாள். அவர்கள் வேறு யார் கல்யாணத்தையாவது போட்டிருப்பார்கள் என்றாள். திரையில் மணவறையில் புகை எழும்பியது, அண்ணன், செண்பகத்தின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தார். சீனித்தாய் எழுந்துவிட்டாள். இரு, காட்டுகிறேன், நான் வாசலைத் தாண்டினதும் பார் என்றாள். ராமலட்சுமி, உட்காருங்க மதினி, தாலி கட்டப்போகிறார்கள், பிறகு காட்டலாம் என்று கையைப் பிடித்தாள். சீனித்தாய் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டு நடந்தாள். அவள் முதுகைப் பார்த்தபோது ராமலட்சுமிக்கு, இந்த மனுஷி வாசற்படிக்கு நடப்பதை இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூடத் தான் பார்த்ததில்லை என்று தோன்றியது. அவள் எழுந்தால் எல்லோரும் திரையைத்தான் பார்ப்பார்கள், ஐயோ நின்றுவிடுமே என்று.

சீனித்தாய் படியைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். திரையில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தான். புகை அசைந்தது, தவில்காரர் கையை ஓங்கினார். ஒன்றும் உடையவில்லை, ஒன்றும் திக்கவில்லை.

ராமலட்சுமி மடிக்குள்ளேயே ரிமோட்டை அழுத்தினாள்.

சத்தம் நின்றது. செண்பகம் ரிமோட்டைப் பார்த்தாள், ராமலட்சுமியின் முகத்தைப் பார்த்தாள். ராமலட்சுமி கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தாள். செண்பகம் அரிச்சுவடி தெரியாத பெண் இல்லை. அம்மா மண்டபத்தில் எங்கே இருந்தாள் என்று கல்யாணத்தன்று ஒரு தடவைகூடக் கேட்காமல் இருந்துவிட்டவள், அதை இந்த ஒரு நொடியில் கேட்டுக்கொண்டாள் போல. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"நின்னுபோச்சும்மா. நீ வா."

சீனித்தாய் உள்ளே வந்தாள். வந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றபடியே திரையைப் பார்த்தாள். சூரங்கரட்டில் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ கல்யாணங்கள் தான் எழுந்ததும் நிற்பதை வாசலில் திரும்பிப் பார்த்தவள் அவள். முகங்கள் கட்டம் கட்டமாக உடைவதும், மூக்கு ஒரு பக்கம் இழுப்பதும், பாட்டு விக்குவதும் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் ஊரில் யாரும் கிடையாது. இந்தப் படம் உடையவில்லை. மகள் தலை குனிந்து, மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடி, புகைகூடக் கலையாமல், எல்லாம் முழுசு முழுசாக அப்படியே நின்றன. மேலே மூலையில், ரிமோட்டால் நிறுத்தினால் வருகிற இரண்டு சின்னக் கோடுகள் இருந்தன. அவள் அந்தக் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ராமலட்சுமியின் மடியைப் பார்த்தாள். ராமலட்சுமி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னேன்ல," என்றாள் சீனித்தாய். "நான் இல்லாம எப்படி ஓடும்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். கெட்டிமேளம் முழங்கியது. தாலி மூன்று முடிச்சும் விழுந்து முடிகிறவரை அவள் கண்ணை எடுக்கவில்லை, ராமலட்சுமியும் ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை.